வெயிலில் தெரிந்த மஞ்சள்

போன வாரம் எங்கே விட்டேன்? பீர்கர் தலையணையைத் தூக்கிக்கொண்டு சின்ன அறைக்குப் படுக்கப் போனதோடு விட்டேன். "நான் புரண்டு புரண்டு படுக்கறேன், உன் தூக்கமாவது கெடாம இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனான் மகராசன். அதன் பிறகு நான் தூங்கினேனா என்று கேட்க ஆளில்லை.

இத்தனை வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவன் திடீரென்று இடம் மாறினால் பெண்டாட்டி என்னவெல்லாம் நினைப்பாள்? எல்லாவற்றையும் நினைத்தேன். மீன் கம்பெனிக்குப் புதிதாக வந்திருக்கும் சிவப்புத்தலைக்காரியைக்கூட விட்டுவைக்கவில்லை. பாவம், அவளுக்குப் பீர்கரை யாரென்றே தெரியாது.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. என் புருஷன் பீர்கர் மீன்பிடிப்பவன். பித்தநாளங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பாக்கி அடைக்கிற ஒரு வியாதி அவனுக்கு வந்தது. அதில் ஈரலே கெட்டுப்போய், இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓஸ்லோவில் வேறு ஈரல் வைத்தார்கள். யாரோ ஒருவர், பேர்கூட நமக்குச் சொல்லமாட்டார்கள், செத்துப்போய்க் கொடுத்தது. அவனுடைய கெட்ட நாளத்தை வெட்டி எடுத்துவிட்டு, புது ஈரலின் நாளத்தை நேரே குடலோடு தைத்துவிட்டார்கள். ஈரலில் ஊறுகிற பித்தம் அந்தத் தையல் வழியாகத்தான் கீழே இறங்கவேண்டும்.

இரண்டு வருஷம் நன்றாகத்தான் இருந்தான். இந்தக் குளிர்காலத்தில்தான் எனக்கு ஒன்றும் புரியாமல் போயிற்று.

இன்று எங்கள் ஊரில் சூரிய நாள். நவம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் போன சூரியன் இன்று நண்பகலில் எட்டிப் பார்க்கும். இன்று சாயங்காலமே எங்கள் படகு 'நீர்க்காகம்' காட் மீன் பிடிக்க லோஃபோதன் தீவுகளுக்குக் கிளம்புகிறது. நாளைக்குப் புயல் என்று சொல்லியிருக்கிறார்கள், அதனால் இன்றைக்கு விட்டால் ஒரு வாரம் போய்விடும். ஈரல் மாற்றிய பிறகு பீர்கர் சீசனுக்குப் போவது இதுதான் முதல் தடவை.

ஊருக்கெல்லாம் இந்த நாளுக்கான சூரிய பன் பொரிக்கவேண்டியவள் நான். காலையில் பேக்கரிக்குள் நுழைந்தபோதே ஹெர்டிஸ் எண்ணெய் காயவைத்திருந்தாள்.

ஹெர்டிஸ் பீர்கரின் அக்கா. இளவயதில் படகுகளில் சமையலுக்குப் போனவள். கடலில் கற்றுக்கொண்ட வசவுகளையெல்லாம் இப்போது என் பேக்கரியில் செலவழிக்கிறாள்.

"உன் தம்பி ராத்திரியும் சாப்பிடல" என்றேன்.

"இருட்டு" என்றாள் ஹெர்டிஸ்.

"ஆளே வத்திப்போயிட்டான்."

"இருட்டுதான்."

"தனியாப் போய்ப் படுக்கறான், ஹெர்டிஸ்."

சல்லடைக் கரண்டியை எண்ணெய்க்கு மேலே அப்படியே பிடித்துக்கொண்டு யோசித்தாள். "அதுவும் இருட்டு" என்றாள்.

எங்கள் ஊரில் இது ஒரு வசதி. குளிர்காலத்தில் தூக்கம் வராவிட்டால் இருட்டு, தூங்கிக்கொண்டே இருந்தால் இருட்டு. கடனைக் கேட்டால் எரிந்து விழுகிறவனுக்கும் இருட்டு, காரணமில்லாமல் அழுகிறவளுக்கும் இருட்டு. சூரியன் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டு ஜனவரி வரைக்கும் ஓட்டிவிடுவோம்.

"ஈரலும் மீன்முட்டையும் போட்டு மீன் வேகவச்சேனே போன ஞாயித்துக்கிழமை, அதைத் தொடவே இல்ல" என்றேன்.

இதற்கு ஹெர்டிஸ் திரும்பிப் பார்த்தாள். ஜனவரி மாதத்தில் காட் மீனையும் அதன் ஈரலையும் முட்டையையும் வேண்டாம் என்கிற வடக்கத்தி மனிதனை அவள் இன்னும் சந்தித்ததில்லை.

"என்ன சொன்னான்?"

"'ஈரலைத் தின்ன மனசு வரல, தூரித். யாரோ எனக்கு ஈரல் குடுத்திருக்காங்க'ன்னான். நான் அழுதுட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, போன வருஷம் இதே ஆளு ரெண்டு தட்டு சாப்பிட்டான். அப்பவும் அதே ஈரல்தானே உள்ள இருந்துச்சு?"

ஹெர்டிஸ் வாயைத் திறந்தாள்.

"இருட்டுன்னு சொன்னே, இந்த மாவை உன் தலையில கொட்டிடுவேன்."

அந்த நேரம் பார்த்துப் பீர்கரே உள்ளே வந்தான். கதவு நிலையில் முதுகைச் சாய்த்து, மேலும் கீழுமாகத் தேய்த்தான். கண்ணை மூடிக்கொண்டு, சுகமாக, நன்றாகத் தேய்த்தான்.

"மறுபடியுமா?" என்றேன்.

"கம்பளி" என்றான். "இந்தச் சட்டை குத்துது."

ஹெர்டிஸுக்கு வந்ததே கோபம். அந்தச் சட்டை அவள் கிறிஸ்துமஸுக்குப் பின்னிக் கொடுத்தது. "டேய், அது கைக்குழந்தைக்குப் பின்ற நூல்டா! கன்னத்துல வச்சுப் பாத்து வாங்கினேன். உனக்கு மேல தோல் இருக்கா, பூ இருக்கா?"

"குத்துதுன்னா குத்துது."

"அப்பக் கழட்டி எறி! ஏன் போட்டுட்டுத் திரியறே?"

"குளிருது."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். பேக்கரியில் அடுப்படி விளக்கு, கூரை விளக்கு, ஜன்னலில் தொங்கும் நட்சத்திர விளக்கு எல்லாமே மஞ்சள். வீடுகளிலும் அப்படித்தான். குளிர்காலத்தில் யாராவது வெள்ளை விளக்கு போட்டால், என்ன உன் வீடு பிணவறையா என்று கேட்போம். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் பீர்கர் எப்போதும்போலத்தான் இருந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான், அவ்வளவுதான்.

"ரத்தப் பரிசோதனைக்குப் போயிட்டு வந்துட்டியா?" என்று கேட்டேன்.

"லோஃபோதன்லேர்ந்து வந்ததும் போறேன். டிசம்பர்ல கூட்டம், இந்த மாசம் வலை வேலை. ஓடியா போயிடும் ஆஸ்பத்திரி?"

பன் ஒன்றை எடுத்துக் கையில் உருட்டினான். கடிக்கவில்லை. போகிற வழியில் அதைப் பறவைகளுக்குப் போட்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

நண்பகலுக்கு முன்னால் ஊரே பள்ளிக்கூடத்து மேட்டில் கூடிவிட்டது. பிள்ளைகளின் பேண்டு வாத்தியம் குளிரில் சுருதி விட்டு ஊதிக்கொண்டிருந்தது. தட்டுத் தட்டாகப் பன் காலியானது. சின்னப் பிள்ளைகளின் மூக்கெல்லாம் சர்க்கரை.

எங்கள் மகன் எஸ்பென் துறையிலிருந்து நேராக வந்திருந்தான். இந்த சீசனில் படகை ஓட்டப்போவது அவன், அப்பா கூட இருந்து பார்ப்பார் என்று ஏற்பாடு. நான் பக்கத்தில் போனதும் அப்பாவும் மகனும் பேச்சை நிறுத்தினார்கள். இது ஒரு வாரமாக நடக்கிறது.

"என்ன ரகசியம்?" என்றேன்.

"டீசல் விலை" என்றான் பீர்கர்.

"தூண்டில் கயிறு" என்றான் எஸ்பென், அதே நேரத்தில்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் இரண்டு மலைக்கும் நடுவில் அது வந்தது. முதலில் ஒரு கீற்று. பிறகு, கண்ணைக் கூசவைக்கும் ஒரு துண்டு. அப்புறம் குழந்தைகள் கத்த, பேண்டு முழங்க, ஊரே ஆர்ப்பரித்தது. எனக்கு வருஷா வருஷம் அந்த நேரத்தில் அழுகை வரும். இந்த வருஷமும் வந்தது.

சூரிய நாளில் இன்னொரு வேடிக்கை உண்டு. இரண்டு மாதமாக விளக்கு வெளிச்சத்தில் மட்டுமே பார்த்த முகங்களை அன்றைக்குத்தான் பகல் வெளிச்சத்தில் பார்ப்போம். ஹெர்டிஸ் என் தாடையைப் பிடித்துத் திருப்பி, "ஐயையோ தூரித், எப்படி இவ்வளவு கிழவியானே? சொல்லவே இல்லையே!" என்றாள்.

"உன்னைப் பாத்துப் பாத்துதான்" என்றேன்.

சிரித்துக்கொண்டே பீர்கர் பக்கம் திரும்பினேன். அவன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான்.

பக்கத்திலிருந்தவர்களெல்லாம் கேலி செய்ய ஆரம்பித்தார்கள். "ரெண்டு மாசம் தவமிருந்து வந்த வெயிலுக்குக் கண்ணாடி போடறான் பாரு!" "சினிமா நடிகர் வந்திருக்காருப்பா, கையெழுத்து வாங்குங்க!"

"வெயில் ஆகாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காங்க" என்றான் பீர்கர். "ஈரல் மாத்தினதுக்கு மாத்திரை சாப்பிடறவங்களுக்குத் தோல்ல ஏதாவது வந்துடுமாம்."

அது உண்மைதான். ஓஸ்லோவில் சொல்லி அனுப்பினார்கள். ஆனால் அது ஜூலை வெயிலுக்கு. தொடுவானத்தில் கால் மணி நேரம் தலைகாட்டிவிட்டுப் போகிற இந்தச் சூரியனுக்கு யாராவது பயப்படுவார்களா? அதுவும் தோலுக்கென்றால் தொப்பியல்லவா போடவேண்டும்? தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறான்.

"கண்ணாடியைக் கழட்டு" என்றேன்.

"சும்மா இரு தூரித். எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

அவன் கையைத் தூக்குவதற்குள் நான் பிடுங்கிவிட்டேன்.

வெயில் நேராக அவன் முகத்தில் விழுந்தது. கண்ணைச் சுருக்கினான். பிறகு, இனிமேல் மறைத்து என்ன என்பதுபோல, நன்றாகத் திறந்து என்னைப் பார்த்தான்.

கண்ணின் வெள்ளை வெள்ளையாக இல்லை. பன்னுக்குள் வைக்கிற கஸ்டர்டு நிறத்தில் இருந்தது.

பனி வெளிச்சம் என் கண்ணைத்தான் ஏமாற்றுகிறதோ என்று எஸ்பெனைப் பார்த்தேன். அவன் கண் வெள்ளை. ஹெர்டிஸைப் பார்த்தேன். வெள்ளை. மறுபடி பீர்கரைப் பார்த்தேன். கழுத்து, காது, நெற்றி எல்லாம் மஞ்சளாக இருந்தது. இந்த முகத்துக்கு எதிரில் உட்கார்ந்துதான் தினமும் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

ஹெர்டிஸ் வாயில் கைவைத்துக்கொண்டாள். "அப்ப குத்தினது என் சட்டை இல்ல" என்றாள் மெதுவாக.

மேட்டிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தோம். கதவைச் சாத்தியதும் நான் எஸ்பென் மேல்தான் முதலில் பாய்ந்தேன்.

"உனக்குத் தெரியும்."

"அம்மா..."

"தெரியுமா தெரியாதாடா?"

"படகுல புது டெக் லைட்டு வெள்ளை" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. "அதுல பாத்தேன். அப்பாகிட்ட கேட்டேன். சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

"நீயும் பண்ணிக்குடுத்தியா! அப்பனுக்கேத்த பிள்ளை! கல்லுளிமங்கனுக்குக் கல்லுளிமங்கன்!"

"அவனைத் திட்டாதே" என்றான் பீர்கர். நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கையைச் சொறிந்தான். தோல் முழுக்க நகக் கீறல்கள், சிலது புண்ணாகியிருந்தது. அதற்காகத்தான் கட்டிலை மாற்றியிருக்கிறான். நான் சிவப்புத்தலைக்காரியை நினைத்தேன், என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

"ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா என்ன ஆகும்? விமானத்துல ஏத்துவாங்க. கையில பேர் எழுதின பட்டை கட்டுவாங்க. மறுபடியும் நான் நோயாளி."

"இப்ப மட்டும் நீ என்ன பயில்வானா?"

"தூரித், இந்த அரிப்பு எனக்குப் புதுசு இல்ல." அவன் குரல் இறங்கியது. "முதல் தடவை வந்தப்பவும் இப்படித்தான் ஆரம்பிச்சது. உள்ளங்கால்ல, உள்ளங்கையில, அப்புறம் உடம்பு பூரா. அதே அரிப்பு. பழைய வியாதி புது ஈரலுக்கும் வரலாம்னு ஓஸ்லோவுல சொன்னாங்களே, உனக்கு ஞாபகம் இல்லையா? வந்துடுச்சு. மூணாவது ஈரல் யாரு குடுப்பா எனக்கு, இந்த வயசுல? அதான் ஒரு சீசன், ஒரே ஒரு சீசன் இவன்கூடப் போயிட்டு வந்துடலாம்னு நினைச்சேன். அப்புறம் என்ன வேணா பண்ணிக்கட்டும்."

கோபம் அப்படியே இருந்தது, ஆனால் அதை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

"உனக்கு யாரு சொன்னா பழைய வியாதின்னு? நீ டாக்டரா?"

"எனக்குத் தெரியும்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது! தெரிஞ்சுக்கப் பயம், அதான் விஷயம். பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகமே இருட்டாயிடுமா? அது என்ன உன் சொந்த ஈரலா, இஷ்டத்துக்கு வீணாக்க? யாரோ பெத்த பிள்ளையோட ஈரல்! அந்த வீட்டுல அழுதுக்கிட்டே சரின்னு சொல்லியிருக்காங்க. நீ என்னடான்னா அதை ஊறப்போட்டு வச்சிருக்கே!"

சொல்லியிருக்கக் கூடாதோ என்று அப்போதே தோன்றியது. பீர்கர் காபிக் கோப்பையை எடுத்தான். கோப்பை தட்டில் கடகடவென்று ஆடியது.

"என்னப்பா?" என்றான் எஸ்பென்.

"குளிருது" என்றான் பீர்கர். பல் தந்தியடித்தது. நாற்காலியே அவனோடு சேர்ந்து நடுங்கியது. ஹெர்டிஸின் சட்டைமேல் என் சட்டை, அதன்மேல் போர்வை, அப்படியும் நடுக்கம் நிற்கவில்லை. நெற்றியைத் தொட்டால் கொதிக்கிறது.

இது என்னவென்று எனக்குத் தெரியும். ஓஸ்லோவில் ஒரு நர்ஸ் எங்களை உட்காரவைத்துச் சொன்னது அப்படியே காதில் ஒலித்தது. மஞ்சளும் நடுக்கமும் சேர்ந்து வந்தால் காத்திருக்காதீர்கள். தேங்கி நின்ற பித்தத்தில் கிருமி சேர்ந்துவிட்டது, அது ரத்தத்தில் ஏற நேரமாகாது.

"போன் பண்ணுடா" என்றேன். எஸ்பென் அதற்கு முன்பே பேசிக்கொண்டிருந்தான்.

ஹெலிகாப்டர் பள்ளிக்கூடத்து மேட்டில்தான் இறங்கியது. அங்கே இன்னும் பன் தட்டுகள் இருந்தன. விசிறிக் காற்றில் சர்க்கரையும் பனியும் ஒன்றாகப் பறந்து, பிள்ளைகள் கைதட்டினார்கள். சூரிய நாளுக்கு இது ஒரு விசேஷம் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஸ்ட்ரெச்சரில் போகும்போது பீர்கர் எஸ்பெனின் கையைப் பிடித்தான்.

"படகு" என்றான்.

"படகு கிடக்கட்டும்ப்பா!"

"கிளம்பாதே. நான் சொல்ற வரைக்கும் கிளம்பாதே. இருன்னும் நான் சொல்லல."

இந்த லட்சணத்தில் ஒரு உத்தரவு. எஸ்பென் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். நானும் ஏறிக்கொண்டேன், கதவு மூடியது.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது வெளியே மறுபடி இருட்டாகிவிட்டது. சூரியன் காட்டவேண்டியதைக் காட்டிவிட்டுப் போய்விட்டது.

உள்ளே எல்லாம் வெள்ளை விளக்கு. அந்த வெளிச்சத்தில் பீர்கரைப் பார்க்கவே முடியவில்லை. இங்வில்ட் என்கிற டாக்டரம்மா வந்தாள். எங்கள் மகனைவிட நான்கைந்து வயது மூத்தவளாக இருப்பாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"சிறுநீர் எந்த நிறம், பீர்கர்?"

"கடுங்காப்பி."

"மலம்?"

"சாம்பல்."

"எப்பலேர்ந்து?"

பீர்கர் என்னைப் பார்த்தான். "கிறிஸ்துமஸுக்கு முன்னாலேர்ந்து" என்றான்.

இங்வில்ட் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "பித்தம் இறங்க வழியில்லாம அடைச்சு நிக்குது. முதல்ல அதை வெளியில விடணும்" என்றாள். "வாய் வழியா கேமராக் குழாய் விடலாம்தான். ஆனா உங்களுக்குக் குடலோட தைச்சிருக்கு, அந்த வழி ரொம்பச் சுத்து. அதனால விலா ஓரமா ஊசி போட்டு, நேரா ஈரலுக்குள்ள இருக்கற நாளத்துல குழாய் வைக்கறோம்."

"குழாய் எத்தனை நாள் இருக்கும்?" என்றான் பீர்கர்.

"மாசக்கணக்குல."

"குழாயோட கடலுக்கு..."

"பீர்கர்" என்றாள் அவள், "முதல்ல இன்னிக்குச் சாயங்காலத்தைத் தாண்டுவோம்."

அவன் கேட்டுக்கொண்டான். கடலில் காற்று எந்தப் பக்கம் திரும்பிவிட்டது என்று தெரிந்தால் வாதாடமாட்டான். அதுவரைக்கும்தான் வாதாடுவான்.

மருந்து ஏற்றி, உள்ளே கொண்டுபோய், குழாய் வைத்து வெளியே கொண்டுவந்தார்கள். அந்த நேரம் முழுக்க நான் நடைவழியில் ஒரு காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். பழைய வியாதியா, இல்லையா? பழைய வியாதியென்றால் அவன் சொன்னது சரி. அப்படியானால் கண்ணாடியைப் பிடுங்கி, அவன் கேட்ட ஒரே சீசனையும் பறித்தவள் நான். இல்லையென்றால் அவனைப் போகவிடாமல் காப்பாற்றியவளும் நான்தான். ஒரே காரியம் எப்படி இரண்டாகவும் இருக்க முடியும்? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது.

என்னை உள்ளே விட்டபோது நடுக்கம் நின்றிருந்தது. விலாவிலிருந்து வந்த மெல்லிய குழாய் கட்டில் ஓரத்தில் ஒரு பையில் முடிந்தது. பையில் கரும்பச்சையாகப் பித்தம் சொட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவையும் உடம்புக்குள் வைத்துக்கொண்டுதான் கம்பளி குத்துகிறது என்றிருக்கிறான்.

"அசிங்கமா இருக்கா?" என்றான்.

"அழகா இருக்கு. இறங்குது பாரு."

விளக்கு கண்ணில் குத்துகிறது என்றான். அணைத்தேன். நடைவழி வெளிச்சம் மட்டும் கதவிடுக்கில் வந்தது.

"குழாய் வழியாச் சாயம் விட்டு எக்ஸ்ரே படம் எடுத்தாங்க" என்றான் இருட்டில். "ஓஸ்லோவுக்கு அனுப்பியிருக்காங்களாம். அந்த டாக்டர் பொண்ணு வந்து சொல்வா. எனக்கு அவ வாயால வேண்டாம், தூரித். நீ போய்க் கேட்டுட்டு வா. வந்து விளக்கைப் போடு. உன் மூஞ்சியைப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சிடும்."

"ஏன் அப்படி?"

"உன் மூஞ்சிக்குப் பொய் சொல்லத் தெரியாது. எனக்குத்தான் தெரியும்."

நான் அவன் கையை அழுத்திவிட்டு வெளியே வந்தேன். இங்வில்ட் தன் அறையில் திரையில் படத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"உக்காருங்க, தூரித். இதோ, இதுதான் தைச்ச இடம். நல்லாச் சுருங்கிப்போயிருக்கு, பித்தம் அடைச்சதுக்குக் காரணம் இதுதான். இதைச் சரிபண்ணலாம். குழாய் வழியாவே பலூன் விட்டு விரிப்போம், கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி விரிப்போம். பொறுமை வேணும். ஆனா பெரும்பாலும் கேக்கும்."

எனக்கு மூச்சு வந்தது. "அப்பப் பழைய வியாதி இல்ல!"

அவள் படத்தில் வேறு இரண்டு இடங்களைத் தொட்டாள். "ஈரலுக்குள்ளயும் ரெண்டு இடத்துல நாளம் ஒல்லியாத் தெரியுது. அது எனக்குப் பிடிக்கல."

"அது?"

"பழைய வியாதி திரும்பினதா இருக்கலாம். கிருமியால வந்த வீக்கமா இருக்கலாம், அப்படின்னா தானாவே வடியும். நாளத்துக்கு ரத்தம் சரியாப் போகாததாலயும் இருக்கலாம். காய்ச்சல் இருக்கறப்ப சாயம் நிறைய விடக் கூடாது, அதனால படமும் தெளிவா இல்ல. ஓஸ்லோவுல ரெண்டு பேர் பாத்தாங்க. ஒருத்தர் திரும்பிடுச்சுங்கறார். இன்னொருத்தர் அவசரப்படாதீங்கறார்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்குத் தெரியலன்னு சொல்றேன்" என்றாள். "காய்ச்சல் விட்டு, நாளம் அடங்கி, சில வாரம் கழிச்சு மறுபடி பாக்கணும். அதுவரைக்கும் யாராலயும் சொல்ல முடியாது."

எழுந்தேன். நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

நடைவழியில் நடந்தேன். சந்தோஷப்படலாமா? பாதி. அழலாமா? அதுவும் பாதி. கதவைத் திறந்து, இருட்டில் சுவரைத் தடவி, சுவிட்சில் விரலை வைத்தேன். எந்த முகத்தைக் காட்டுவது என்று எனக்கே தெரியவில்லை.

விளக்கைப் போட்டேன்.

பீர்கர் என் முகத்தைப் பார்த்தான். முன்பெல்லாம் வானத்தைப் பார்த்து வானிலை சொல்வானே, அப்படிப் பார்த்தான்.

"அட" என்றான். "அவங்களுக்கும் தெரியலையா?"

நான் தலையை ஆட்டினேன். அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் உடைந்தது. கட்டிலில் உட்கார்ந்து அவன் தோளில் முகத்தை வைத்து அழுதேன், அந்தப் பை என் முழங்காலில் இடித்துக்கொண்டே இருந்தது. "தையல் போட்ட இடம் சரியாயிடுமாம்" என்றேன். "உள்ள இருக்கறதைப் பத்திதான் தெரியாதாம். சில வாரம் ஆகுமாம்."

"தெரியாதா" என்றான். இன்னொரு தரம், ருசி பார்ப்பதுபோல, "தெரியாதாம்" என்றான். "நான் தெரியும்னு நினைச்சுல்ல உக்காந்திருந்தேன்."

போன் அடித்தது. எஸ்பென்.

"அம்மா, அப்பா எப்படி இருக்காரு? இங்க காத்து எழும்ப ஆரம்பிச்சிடுச்சு. இப்பக் கயிறை அவுக்கணும், இல்லன்னா அவுக்கவே வேண்டாம். எனக்கு ஒண்ணும் புரியல. இதுல அத்தை வேற மூட்டையோட படகுல ஏறி உக்காந்திருக்கா. அப்பா இடத்துக்கு நான் வரேங்கறா. இறங்குன்னா வாயில வந்ததெல்லாம் திட்டறா!"

பீர்கர் சிரித்தான். சிரித்ததும் விலாவைப் பிடித்துக்கொண்டு முனகினான். ஹெர்டிஸ் போய்விட்டால் நாளைக்கு பேக்கரியை யார் திறப்பது என்று எனக்குக் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

அவன் ஊசி குத்திய கையை நீட்டி என்னிடமிருந்து போனை வாங்கினான்.

"எஸ்பென், அவுத்துடு" என்றான். "அத்தையும் வரட்டும், உனக்குச் சோறாவது ஒழுங்காக் கிடைக்கும். நான் உன்னை ஒரு சத்தியம் பண்ணச் சொன்னேன்ல, அதை விட்டுடு. நீ திரும்பி வர்றப்ப நம்ம ஊர்ல வெயில் நல்லா ஏறியிருக்கும். வந்ததும் நேரா என்கிட்ட வா. நான் கண்ணாடி போடாம வாசல்ல நிக்கறேன். என் கண்ணைப் பாத்து, மஞ்சளா வெள்ளையான்னு நீயே சத்தமாச் சொல்லு."

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் கேட்டது. பிறகு யாரோ கயிற்றை அவிழ்த்து டெக்கில் வீசிய சத்தம்.